பல்லிடுக்கில் ஓர் உலகம்

நுழையும்முன்

மனிதர் ஒவ்வொருவருடைய உடலிலும் கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன. நாவில் வாழ்பவை ஒரு வகை. பல்லிடுக்கில் வாழ்பவை வேறொரு வகை. குடலில் வாழ்பவை இன்னொரு வகை. இவ்வுண்மையை நோக்கி முதல் அடி எடுத்து வைத்தவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர், மருத்துவரும் அல்லர். அவர் ஒரு துணி வணிகர். அவருடைய வாழ்க்கை வரலாறே இப்பாடம்.

கூடை முடைபவரின் மகன்

நெதர்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் அழகிய நகரம் உள்ளது. வாய்க்கால்களும் பாலங்களும் நிறைந்த அந்நகரில், 1632ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஆண்டனி வான் லூவன்ஹாக் பிறந்தார். அவருடைய தந்தை கூடை முடையும் தொழில் செய்தவர். ஆண்டனி சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். பின்னர் அவர் வேறோர் ஊரில் பள்ளிக்கல்வி பெற்றார். சிறிது காலம் உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர் பலரும் இலத்தீன் மொழியில் நூல் எழுதினர். இலத்தீன் அறியாதவரை அறிஞர் அவையில் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆண்டனிக்கு இலத்தீன் தெரியாது. தாய்மொழியாகிய டச்சு மொழி ஒன்றையே அவர் அறிந்திருந்தார். தம் பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்று ஒரு துணிக்கடையில் தொழில் பயின்றார். 1654இல் டெல்ஃப்டுக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டு, சொந்தமாகத் துணிக்கடை தொடங்கினார். ஐந்து குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் மரியா என்னும் மகள் மட்டுமே உயிர் பிழைத்தாள். 1660இல் நகர மன்றத்தில் ஒரு சிறு பணியும் அவருக்குக் கிடைத்தது.

துணியிலிருந்து வில்லைக்கு

துணி வணிகர்கள் இழைகளின் நெருக்கத்தைக் கண்டறிய உருப்பெருக்கும் கண்ணாடியைப் பயன்படுத்துவது வழக்கம். இழை நெருக்கமாக இருந்தால் துணி உயர்ந்தது. இடைவெளி மிகுந்தால் துணி தாழ்ந்தது. ஒன்றோடொன்றை ஒப்பிட்டு நோக்கித் தரம் காணும் இப்பழக்கமே பிற்காலத்தில் லூவன்ஹாக்கின் பெருஞ்செல்வம் ஆயிற்று.

கடைக்கண்ணாடி காட்டியது அவருக்குப் போதவில்லை. தாமே கண்ணாடியை உருக்கியும் தேய்த்தும் மிகச் சிறிய வில்லைகளைச் செய்யத் தொடங்கினார். அவ்வில்லையை இரு சிறிய உலோகத் தகடுகளுக்கு இடையே பொருத்தினார். பார்க்க வேண்டிய பொருளை ஓர் ஊசிமுனையில் வைத்து, திருகாணியைத் திருகி வில்லைக்கு நேரே கொண்டு வந்தார். அக்கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, ஒளியை நோக்கிப் பார்க்க வேண்டும். இன்று எஞ்சியுள்ள கருவிகளுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. தம் வாழ்நாளில் அவர் 500க்கும் மேற்பட்ட வில்லைகளைச் செய்தார்.

தேனீயின் கொடுக்கு, பேன், பூஞ்சணம் என அகப்பட்டவற்றை எல்லாம் அவர் நுணுகி நோக்கினார். அவருடைய திறமையை அறிந்த ரெக்னியர் டி கிராஃப் என்னும் டெல்ஃப்ட் நகர மருத்துவர், 1673இல் இலண்டனில் உள்ள அரசக் கழகத்திற்கு அவரை அறிமுகம் செய்து எழுதினார். அரசக் கழகம் என்பது அறிவியல் அறிஞர் பலர் கூடிய அவை. அன்றுமுதல் ஐம்பது ஆண்டுகள் லூவன்ஹாக் அக்கழகத்திற்கு மடல்கள் எழுதினார். அனைத்தையும் டச்சு மொழியிலேயே எழுதினார். தாம் கண்டதைத் தாம் நன்கறிந்த மொழியில் தெளிவாகச் சொன்னார். அங்கிருந்தோர் அவற்றை மொழிபெயர்த்து உலகிற்கு வழங்கினர்.

மிளகு நீரில் கண்ட உயிர்கள்

அந்நாளில் டச்சு வணிகக் கப்பல்கள் கீழ்த்திசை நாடுகளிலிருந்து மிளகை ஏற்றிச் சென்றன. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்னும் வினா லூவன்ஹாக்கின் உள்ளத்தில் எழுந்தது. மிளகில் கூரிய நுண்முட்கள் இருந்து அவை நாவைக் குத்துகின்றனவோ என்று அவர் ஐயுற்றார். மிளகை நீரில் ஊறவைத்துச் சில வாரங்கள் கழித்து, 1676 ஏப்ரலில், அந்நீரைத் தம் வில்லைவழியே நோக்கினார். முட்கள் எவையும் அங்கு இல்லை. மாறாக, எண்ணற்ற நுண்ணிய உயிர்கள் நீந்தித் திரிந்தன. அவற்றுள் மிகச் சிறியவையே இன்று பாக்டீரியா என்று அழைக்கப்படுகின்றன.

அவ்வாண்டு அக்டோபரில் இதனை விரிவாக எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். அரசக் கழகத்தார் வியந்தனர், நம்ப மறுத்தனர். முதலில் முயன்று பார்த்தோருக்கு எவையும் புலப்படவில்லை. ஒரு துணி வணிகர் சொல்வதை ஏற்பதா என்னும் தயக்கமும் இருந்தது. வில்லை செய்யும் நுட்பத்தை லூவன்ஹாக் எவருக்கும் வெளியிடாமையும் ஐயத்தை வளர்த்தது. அதுவரை அவர் ஈட்டிய நற்பெயர் முழுவதும் அழிந்துவிடக்கூடிய நிலை அது.

லூவன்ஹாக் சினம் கொள்ளவில்லை, சான்று திரட்டினார். சமயக் குருமார் முதலிய மதிப்புமிக்கோர் எண்மரை அழைத்துத் தம் கருவிவழியே பார்க்கச் செய்தார். அவர்கள் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தனர். அவ்வெண்மர் சான்றுகளும் 1677இல் இலண்டன் சென்றன. அதே ஆண்டு நவம்பரில் இராபர்ட் ஹூக் என்னும் புகழ்பெற்ற அறிஞர், மிளகு நீரைக்கொண்டு தாமே ஆய்வு செய்து, அவ்வுயிர்களை அரசக் கழகத்தார் முன் காட்டினார். ஐயம் அகன்றது. 1680இல் லூவன்ஹாக் அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தம் வாயையே ஆய்ந்தவர்

குளத்து நீரிலும் மழை நீரிலும் மிளகு நீரிலும் உயிர்களைக் கண்டவர், மனித உடலுக்குள்ளும் அவை உண்டா என்று தேடினார். அதற்குத் தம் உடலையே ஆய்வுக்களம் ஆக்கினார். 1681இல் தமக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது, அருவருப்பு என்று ஒதுக்காமல் தம் மலத்தையே ஆய்ந்தார். வயிறு நலமாக இருந்த நாள்களில் காணப்படாத சிற்றுயிர்கள், வயிறு கெட்டிருந்த நாள்களில் காணப்பட்டன. ஒரே உடல், ஒரே இடம். ஆயினும் நிலைமை மாறும்போது அங்குள்ள உயிர்களும் மாறுகின்றன என்பதை அவர் குறித்துவைத்தார்.

1683 செப்டம்பரில் அவர் எழுதிய மடல் மேலும் புகழ்பெற்றது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. அவர் பற்களைப் பேணுவதில் மிகுந்த கவனம் உடையவர். நாள்தோறும் காலையில் உப்பினால் பல்தேய்த்து வாய் கொப்பளிப்பார். உண்டபின் பல்லிடுக்கைக் குச்சியால் தூய்மை செய்து, துணியாலும் அழுத்தித் துடைப்பார். ஆயினும், சில பற்களின் இடையில் மாவுபோன்ற வெள்ளைப் படிவம் தங்கியிருப்பதை அவர் கண்டார். அதுவே பல்ஊத்தை.

முதலில் தம் உமிழ்நீரை மட்டும் நோக்கினார். அதில் உயிர்கள் எவையும் தென்படவில்லை. பின்பு பல்ஊத்தையைச் சிறிது எடுத்து, உயிர்கள் இல்லாத தூய மழைநீரில் கலந்து நோக்கினார். அங்கே வியத்தகு காட்சி தோன்றியது. ஒருவகை உயிர்கள் நீரைக் கிழித்துப் பாயும் மீனைப்போல் விரைந்தன. இன்னொரு வகை பம்பரம்போல் சுழன்றன. வேறொரு வகை கொசுக்கூட்டம்போல் மொய்த்தன. அவற்றின் வடிவங்களையும், ஓர் உயிர் நகர்ந்து சென்ற வழியையும் படமாக வரையச் செய்து மடலுடன் அனுப்பினார். உலகில் முதன்முதலாக வெளிவந்த பாக்டீரியாவின் படங்கள் அவையே.

தூய நீரில் உயிர்கள் இல்லை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டது அவருடைய அறிவு நுட்பத்தைக் காட்டுகிறது. நீரில் முன்பே உயிர்கள் இருந்திருந்தால், கண்டவை பல்லிலிருந்து வந்தவையா, நீரிலிருந்து வந்தவையா என்பதை எவராலும் சொல்ல இயலாது.

பலர் வாய், ஒரே வினா

தம் வாயில் கண்டது தமக்கு மட்டும் உரியதா, மாந்தர் அனைவர்க்கும் பொதுவானதா? இவ்வினாவுக்கு விடைகாண லூவன்ஹாக் பிறரையும் ஆய்ந்தார். நாள்தோறும் வாயைத் தூய்மை செய்யும் இரு பெண்கள், எட்டு வயதுக் குழந்தை ஒன்று, முதியவர் இருவர் ஆகியோரின் உமிழ்நீரையும் பல்ஊத்தையையும் தனித்தனியே எடுத்து நோக்கினார்.

உமிழ்நீரில் புதுமை ஏதும் இல்லை. ஆனால், பெண்களின் பல்லிடுக்கிலும் குழந்தையின் பல்லிடுக்கிலும் உயிர்கள் இருந்தன. முதியவருள் ஒருவர் எளிய வாழ்வினர், புகைப்பழக்கம் இல்லாதவர், ஆயினும் வாழ்நாளில் ஒருமுறைகூட வாயைக் கழுவாதவர். அவருடைய பல்ஊத்தையில் உயிர்கள் அளவின்றி நிறைந்திருந்தன. அவை வேறு எங்கும் கண்டிராத விரைவுடன் நீந்தின. சிறிதளவு ஊத்தையே கலந்திருந்தும், அந்நீர் முழுவதும் உயிர்பெற்று அசைவதுபோல் தோன்றியது.

மற்றொரு முதியவர் நாள்தோறும் மது அருந்துபவர், புகைபிடிப்பவர். மதுவினால் உயிர்கள் மடிந்திருக்குமோ என்றறிய லூவன்ஹாக் விரும்பினார். அம்முதியவரின் முன்பற்களின் மேற்பரப்பில் மிகச் சில உயிர்களே இருந்தன. முன்பற்களின் இடுக்கிலோ அவற்றினும் மிகப் பல இருந்தன. ஒரே வாயில், ஒரே பற்களில், மேற்பரப்பு வேறு. இடுக்கு வேறு என்பது புலனாயிற்று.

காடியும் காப்பியும்

அடுத்து லூவன்ஹாக் காடியைக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார். கடுமையான காடியை வாயில் ஊற்றிப் பற்களின் இடையே பலமுறை ஓடவிட்டார். பின்பு மும்முறை தூய நீரால் கொப்பளித்தார். அதன்பின்னும் பல்லிடுக்கில் எடுத்த ஊத்தையில் உயிர்கள் நீந்தின; கடைவாய்ப் பற்களின் இடையில் எடுத்ததிலேயே அவை மிகுதி. ஆனால், வெளியே எடுத்துக் கலக்கிய ஊத்தையில் காடியைச் சேர்த்ததும் அவை உடனே இறந்தன.

ஒரே காடி, ஓரிடத்தில் கொல்கிறது, மற்றோரிடத்தில் கொல்லவில்லை. ஏன்? படிவத்தின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே காடியால் மடிந்தன. ஆழத்தில் இருந்தவற்றைக் காடி சென்றடையவில்லை என்று அவர் முடிவு செய்தார். பல்ஊத்தை என்பது பாக்டீரியாக்கள் ஒன்றுகூடி அடுக்கடுக்காக அமைத்துக்கொண்ட குடியிருப்பு என்பதை இக்கால அறிவியல் உறுதி செய்துள்ளது. வாய் கொப்பளிப்பது மட்டும் போதாது, பற்களைத் தேய்த்தே ஊத்தையை நீக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆண்டுகள் சில கடந்தன. ஒருமுறை, தம் முன்பற்களில் எடுத்த ஊத்தையில் உயிர்கள் அசையாமல் இருப்பதை அவர் கண்டார். தம் முந்தைய முடிவு தவறோ என்று கலங்காமல், தம் வாழ்க்கை முறையில் எது மாறியது என்று எண்ணிப் பார்த்தார். காலைதோறும் மிகச் சூடான காப்பி அருந்தும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டிருந்தது. வெப்பம் எளிதில் எட்டாத கடைவாய்ப் பற்களின் ஊத்தையை எடுத்து நோக்கினார். அங்கு உயிர்கள் முன்போலவே நீந்திக்கொண்டிருந்தன. இதனை 1692இல் எழுதிய மடலில் அவர் குறிப்பிட்டார்.

நெதர்லாந்து நாட்டு மக்கள் அனைவரின் எண்ணிக்கையைவிடத் தம் வாயில் வாழும் உயிர்களின் எண்ணிக்கை மிகுதி என்று அவர் கணித்தார். அது அவரை அச்சுறுத்தவில்லை; வியப்பிலேயே ஆழ்த்தியது.

எளிமையும் இறுதி நாள்களும்

லூவன்ஹாக்கின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. 1698இல் உருசியப் பேரரசர் மகா பீட்டர் அவரைச் சந்தித்தார். விலாங்கு மீனின் வாலில் குருதி ஓடுவதை லூவன்ஹாக் அவருக்குக் காட்டி மகிழ்வித்தார். புகழ் பெருகியபின்னும் அவர் டெல்ஃப்டை விட்டு நீங்கவில்லை. மடல் எழுதுவதையும் நிறுத்தவில்லை. தம் இறுதி நோயின்போதும், தம் உடலில் தோன்றிய மாற்றங்களைக் குறித்தே இலண்டனுக்கு எழுதினார். 1723ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய விருப்பப்படி, 26 வெள்ளி நுண்ணோக்கிகளை மகள் மரியா அரசக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார்.

எனினும், வில்லை செய்யும் நுட்பம் அவரோடு மறைந்தது. அத்தகைய தெளிவான வில்லைகள் நெடுங்காலம் அரியவாயின. சில பாக்டீரியாக்கள் நோயை விளைவிக்கும் என்பதை லூயி பாஸ்டர், இராபர்ட் காக் ஆகியோர் மெய்ப்பிக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

தொடரும் ஒப்பீடு

லூவன்ஹாக் எழுப்பிய வினா அவரோடு முடிந்துவிடவில்லை. 2007இல் அமெரிக்காவில் மனித நுண்ணுயிர்த் திட்டம் தொடங்கப்பட்டது. நலமாக உள்ள 242 பேரின் உடலிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஆண்களிடம் 15 இடங்களிலும் பெண்களிடம் 18 இடங்களிலும் அவை திரட்டப்பட்டன. அவற்றுள் ஒன்பது இடங்கள் வாயையும் தொண்டையையும் சேர்ந்தவை: நாக்கு, கன்னத்தின் உட்புறம், பல், ஈறு, உமிழ்நீர் போன்றவை. கண்ணால் காண்பதோடு நில்லாமல், பாக்டீரியாக்களின் மரபணுக்களைக்கொண்டு அவற்றை இனங்காண்பது இக்கால முறை. உமிழ்நீரிலும் பாக்டீரியாக்கள் உண்டு. லூவன்ஹாக்கின் வில்லைக்கு அவை அகப்படவில்லை.

2012இல் வெளிவந்த முடிவுகள் ஓர் அரிய உண்மையைக் காட்டின. ஒருவரின் நாவில் வாழும் கூட்டமும் அவரது குடலில் வாழும் கூட்டமும் பெரிதும் வேறுபடுகின்றன. ஆனால், ஒருவரின் நாவில் வாழும் கூட்டமும் மற்றொருவரின் நாவில் வாழும் கூட்டமும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. நெய்தல் நிலத்திற்கு ஒரு வாழ்வும் குறிஞ்சி நிலத்திற்கு வேறு வாழ்வும் அமைவதுபோல, ஈரமும் வெப்பமும் காற்றும் உணவும் அவ்வவ்விடத்தின் குடிகளை முடிவு செய்கின்றன. காற்று எட்டாத குடலில் வாழ்பவற்றுள் பல, காற்றுப்படும் தோலில் வாழ இயலா. எண்ணெய்ப்பசை மிக்க நெற்றியை விரும்புபவை, உலர்ந்த முன்கையில் தழைப்பதில்லை.

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்று 2016இல் அறிவியலார் கணித்தனர். மனித உடலின் சொந்தச் செல்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடியே. இக்குடிகளுள் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. உணவைச் செரிக்கச் செய்தும், நோய்க்கிருமிகளுக்கு இடங்கொடாமல் தடுத்தும் பல உதவி புரிகின்றன.

பட்டம் இல்லை, பெரும் ஆய்வுக்கூடம் இல்லை, அறிஞர் மொழியும் தெரியாது. ஒன்றை மற்றொன்றோடு பொறுமையாக ஒப்பிடும் பழக்கமும், கண்டதைக் கண்டவாறும் காணாததைக் காணவில்லை என்றும் எழுதும் நேர்மையும் லூவன்ஹாக்கிடம் இருந்தன. அவ்விரண்டுமே அவரை நுண்ணுயிரியலின் தந்தை ஆக்கின.

அருஞ்சொற்பொருள்

வில்லை – ஒளியை வளைத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடித் துண்டு
திருகாணி – திருகிப் பொருத்தும் ஆணி
பூஞ்சணம் – ஈரப்பொருள்மீது படரும் பூஞ்சை
காடி – புளித்த நீர்மம், வினிகர்
உமிழ்நீர் – எச்சில்
விலாங்கு – பாம்பு போன்ற உடலையுடைய மீன்
நெய்தல் – கடலும் கடல் சார்ந்த இடமும்
குறிஞ்சி – மலையும் மலை சார்ந்த இடமும்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. லூவன்ஹாக் பிறந்த நகரம் ________.
2. லூவன்ஹாக் தம் மடல்களை ________ மொழியில் எழுதினார்.
3. மிளகு நீரில் உயிர்கள் இருப்பதை அரசக் கழகத்தார் முன் காட்டியவர் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. துணி வணிகம் லூவன்ஹாக்கின் ஆய்வுக்கு எவ்வாறு துணைசெய்தது?
2. பல்ஊத்தையைக் கலப்பதற்கு உயிர்கள் இல்லாத நீரை அவர் தேர்ந்தது ஏன்?
3. முன்பற்களில் உயிர்கள் அசையாதிருந்ததற்கு அவர் கண்ட காரணம் யாது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. காடியைக்கொண்டு செய்த ஆய்வையும் அதன் முடிவையும் விளக்குக.
2. தம் சொல்லைப் பிறர் நம்பாதபோது லூவன்ஹாக் நடந்துகொண்ட முறையைப் பற்றி உம் கருத்தை எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
பல்லிடுக்கு, உள்ளங்கை, நுண்ணுயிர், உமிழ்நீர்

உ. செயல்பாடு
வீட்டில் உள்ள பெரியோரிடம், அவர்கள் இளமையில் பல் துலக்கப் பயன்படுத்திய பொருள்கள் யாவை எனக் கேட்டறிக. வேம்பு, ஆல், உப்பு, கரி முதலிய பெயர்களை ஊர்ப்பெயருடன் அட்டவணையாக எழுதி, வகுப்பில் ஒப்பிடுக.